பால்மரத்துக்குப் போட்டியாக வந்த ஸ்டைரீன்

ஈப்போவின் புந்தோங் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களின் டயர்களில் இரண்டு வகை ரப்பர் கலந்திருக்கிறது. ஒன்று பால்மரம் தந்தது. பேராக் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் பால் வெட்டி எடுத்தார்களே, அதே வகை. மற்றொன்று ஆலையில் பிறந்தது. அதன் மூலப்பொருள்களில் ஒன்றுதான் ஸ்டைரீன்.

பென்சீன் என்பது ஆறு கார்பன் அணுக்களால் ஆன வளையம். அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனை நீக்கி, அங்கே இரட்டைப் பிணைப்புள்ள வினைல் தொகுதியை வைத்தால் ஸ்டைரீன். நிறமற்ற திரவம், தண்ணீரில் மிதக்கும், 145 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், தீப்பற்றும்.

1839இல் பெர்லின் மருந்தாளர் எடுவார்ட் சைமன் ஒரு மரப்பிசினிலிருந்து இதைப் பிரித்தார். வைத்திருந்த திரவம் கூழாக இறுகியது. ஆக்சிஜன் சேர்ந்துவிட்டது என்று நினைத்தார். உண்மையில், இரட்டைப் பிணைப்புகள் திறந்து, ரயில் பெட்டிகளைப் போல மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்தன. இப்படிப்பட்ட நீண்ட சங்கிலிகளை விளக்கிய ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1953இல் நோபல் பரிசு பெற்றார். ஸ்டைரீன் தானாக இறுகிவிடாதிருக்க, இன்றும் அதில் தடுப்புப்பொருள் கலந்தே சேமிக்கிறார்கள்.

ஸ்டைரீன் மட்டும் கோத்தால் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். அதை வாயுவால் நுரையேற்றினால் வெள்ளை உணவுப்பெட்டி. பியூட்டாடையீன் என்ற வேதிப்பொருளோடு கோத்தால் ரப்பர். ஜெர்மானியர் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே இந்த ரப்பரைச் செய்திருந்தனர். 1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் வசமானது. அடுத்த சில மாதங்களில் மலாயா, இந்தோனேசியத் தோட்டங்களின் ரப்பர் அமெரிக்காவுக்குப் போவது நின்றது. அமெரிக்கா அவசர அவசரமாக ஆலைகள் கட்டியது. அங்கே செய்த ரப்பரில் ஏறத்தாழ கால் பங்கு ஸ்டைரீன். போர் முடிந்தும் அந்த ரப்பர் சந்தையை விட்டுப் போகவில்லை. தோட்ட ரப்பருக்கு நிரந்தரப் போட்டியாளராகிவிட்டது.

ஆனாலும் பால்மரம் தோற்கவில்லை. செயற்கை ரப்பர் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். அதனால் கார் டயருக்கு ஏற்றது. ஆனால் பாரம் ஏறி ஓடும்போது அதிகம் சூடாகும். இயற்கை ரப்பர் அவ்வளவு சூடாகாது, எளிதில் கிழியாது. லாரி, விமான டயர்களுக்கு இன்றும் அதுவே முதன்மை.

ஸ்டைரீனைப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் வகைப்படுத்தியது. முதன்மையான ஆபத்து, ஆலைகளில் அதன் ஆவியைச் சுவாசிப்போருக்கே. உணவுப்பெட்டியில் சங்கிலியில் சேராமல் எஞ்சுவது மிகச் சிறு அளவுதான். ஆனால் சூடும் எண்ணெயும் பட்டால் அது உணவில் கூடுதலாக இறங்கும். கொதிக்கும் குழம்பை வாங்கப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்துச் செல்லுங்கள்.