ஊசி குத்தினால் இடுப்பு வலி போகுமா?

தேனியிலிருந்து கம்பம் வரை ஒருமுறை டூவீலரில் போய்ப் பாருங்கள். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம்... வழியெல்லாம் வயல், தென்னை, திராட்சைப் பந்தல். கண்ணுக்குக் குளிர்ச்சி. இடுப்புதான் பாவம்! வயலில் நாள் பூரா குனிந்து நாற்று நடுகிற பெண்கள். விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம்மெட்டு ஏறும் ஏலத்தோட்டத் தொழிலாளர்கள். நம்ம ஆபீஸ் ஆசாமிகளோ உட்கார்ந்தே இடுப்பொடிகிறவர்கள்.

எல்லாருக்கும் ஒரே வைத்தியர், மெடிக்கல் ஷாப்காரர். ‘அண்ணே, இடுப்பு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க!’ வருவது பெரும்பாலும் டைக்ளோஃபினாக் வகையறா. வலி அடங்கும், நிஜம்தான். ஆனால் மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண், ரத்தக்கசிவு, சிறுநீரகக் கோளாறு எல்லாம் வரலாம். இதே மருந்து போட்ட மாடுகள் செத்தபின் அவற்றைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கொத்துக் கொத்தாய் மாண்டன. மாடுகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாதென்று 2006-ல் தடையே வந்தது. (நமக்குக் கழுகு அளவுக்கு மோசமில்லை. பயப்படாதீர்கள்!)

மாற்று? ‘அக்குபங்சர் பண்ணிப் பாருங்க சார்’ என்கிறார்கள். பி.காம். படித்தவனுக்கு வரவு செலவு பார்க்காமல் எதுவும் தொண்டைக்குள் இறங்காது. பார்த்தேன். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று கோஷ்டியாகப் பிரித்துச் சோதித்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பலன் தெரிந்தது எத்தனை பேருக்கு? மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி கோஷ்டியில் நூற்றுக்கு 27. சீன முறைப்படி சரியான புள்ளியில் ஊசி குத்தியவர்களில் 48. வேண்டுமென்றே புள்ளியை விட்டு, சும்மா மேலாகக் குத்தியவர்களில்... 44!

அதாவது எங்கே குத்தினாலும் ஏறக்குறைய ஒரே பலன். புள்ளிக் கணக்கு பேசுகிறவர்களுக்கும் சங்கடம், ‘எல்லாம் டுபாக்கூர்’ என்கிறவர்களுக்கும் சங்கடம். ஊசியா, நம்பிக்கையா, அரைமணி நேரம் அக்கடாவென்று படுத்த சுகமா? டாக்டர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. 2016-ல் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு இடுப்பு வலிக்கு ஊசி வேண்டாம் என்றது. அடுத்த வருஷமே அமெரிக்க மருத்துவர் கல்லூரி, மாத்திரைக்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றில் அதையும் சேர்த்தது.

மூன்று மாதத்துக்கு மேல் வலி, வயிறும் மாத்திரையைத் தாங்கவில்லை என்றால் ஊசியை முயன்று பார்க்கலாம் என்பது என் கட்சி. ஆனால் உங்கள் கண்ணெதிரே புது ஊசி பிரிக்கிறார்களா என்று பாருங்கள். கால் மரத்துப்போகிறது, சிறுநீர் அடைக்கிறது, கூடவே காய்ச்சல் என்றால் ஊசியும் வேண்டாம், மெடிக்கல் ஷாப்பும் வேண்டாம். அன்றைக்கே க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். பஸ்ஸில் போனால் கடைசி சீட்டில் மட்டும் உட்காராதீர்கள். வழியில் வேகத்தடை இருக்கிறது!