குஞ்சு பொரிப்பான் வாங்குமுன்...

திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதித் தேரி நிலங்களில் நாட்டுக்கோழி வளர்ப்பு சிறு விவசாயிகளுக்கு நல்ல துணை வருமானம். அடைக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகளைத்தான் மூடும். 21 நாள் அடை, பிறகு குஞ்சு மேய்ப்பு என்று அது முட்டையிடாமல் கழிக்கும் நாட்கள் மிகுதி. மின்சாரக் குஞ்சு பொரிப்பான் வைத்தால் அந்த நாட்கள் மிச்சமாகும்.

பெட்டியின் அளவில்தான் பலர் ஏமாறுகின்றனர். சுமார் 24 டிகிரி செல்சியஸுக்கு மேல் முட்டைக்குள் கரு மெல்ல வளரத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் இக்கடற்கரையில் நிழலிலேயே 35 டிகிரி இருக்கும். அரைகுறையாக வளரும் கரு பெட்டிக்குள் போகுமுன்பே செத்துவிடும். பின்னர் கூமுட்டை என்று சேவல் மேல் பழி போட்டுப் பயனில்லை. ஈர மணலில் பதித்த மண்பானையில் வைத்தாலும் கோடையில் ஐந்து நாளுக்கு மேல் முட்டை சேர்க்கலாகாது. பத்துப் பெட்டைகள் ஐந்து நாளில் இருபது முட்டை தந்தாலே அதிகம். ஆகவே 50 முட்டைப் பெட்டி தாராளம். 200 முட்டைப் பெட்டி வாங்கினால், அதை நிரப்ப முட்டையைத் தேக்கி வைக்கத் தோன்றும்.

உப்புக் காற்றில் தகரம் விரைவில் துருப்பிடிக்கும். தெர்மோகோல் அல்லது பிளாஸ்டிக் பெட்டி நலம். மீன் ஏற்றிய பழைய பெட்டி வேண்டாம். அதில் ஊறிய கவிச்சும் கிருமியும் எளிதில் போகா.

தகரக் கொட்டகையில் வைக்காமல், ஓட்டுவீட்டின் உள்ளறையில் வையுங்கள். பெட்டிக்குச் சூடேற்றத் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. முட்டை வைக்குமுன் ஒரு நாள் வெறுமனே ஓட்டி, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரால் சரிபாருங்கள். விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி, இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 டிகிரி இருக்கவேண்டும். ஈரப்பதம் முதல் 18 நாட்களுக்கு 55 சதவீதம், கடைசி மூன்று நாட்களுக்கு 65 முதல் 70 சதவீதம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருப்பதால் தண்ணீரைக் குறைக்கலாம். உவர்க் கிணற்று நீர் தட்டில் உப்புப் படியச் செய்யும். நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

18ஆம் நாள் வரை தினமும் மூன்று முதல் ஐந்து முறை முட்டையைத் திருப்பவேண்டும். பாம்பு முட்டைக்கு இது நேர்மாறு. திருப்பினால் கரு சாகும். பனையோலைக் குவியலில் சாரைப்பாம்பு முட்டை தென்பட்டால் மூடிவிட்டு விலகுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை எடுக்கவும் கூடாது. எலி பிடிக்கும் சாரை வயலுக்கு வேண்டியதே.

மின்சாரம் நின்றால் பெட்டியைத் திறக்காமல், காற்றுத் துவாரத்தை விட்டுச் சாக்கால் போர்த்துங்கள். கரு சில மணி நேரக் குளிரைத் தாங்கும். 40 டிகிரிச் சூட்டைத் தாங்காது.