களம் ஓரிடம், கட்டுப்பாடு வேறிடம்

நுழையும்முன்

விளையாட்டுப் போட்டியை வீட்டிலிருந்தே காண்கிறோம். பந்தின் பின்னே நம் கண் செல்கிறது. அந்தக் காட்சியை நமக்காகத் தேர்ந்தெடுத்தவர் யார், அவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பரந்த புல்வெளியில் நிகழும் கோல்ஃப் ஆட்டத்தை நேரலையாக வழங்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பல பந்துகள், ஒரே திரை

கால்பந்திலும் மட்டைப்பந்திலும் களம் ஒன்று. ஆட்டத்தில் உள்ள பந்தும் ஒன்று. குழிப்பந்தாட்டம் எனப்படும் கோல்ஃப் அத்தகையதன்று. நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலப்பரப்பில் 18 குழிகள் அமைந்திருக்கும். அவற்றை வரிசையாக ஆடி முடிக்க, வீரர் பல கிலோமீட்டர் தொலைவு நடக்க வேண்டும். பிரிட்டனில் நடைபெறும் ஓப்பன் போட்டியில் 156 வீரர்கள் களமிறங்குகின்றனர். முதலிரு நாள்களில் மூவர் மூவராகப் புறப்படும் அவர்களுள் பலர் ஒரே நேரத்தில் வெவ்வேறு குழிகளில் ஆடிக்கொண்டிருப்பர். பந்தின் விட்டமோ ஏறத்தாழ 43 மில்லிமீட்டர்தான். விண்ணில் பாயும் அச்சிறு வெண்புள்ளியை விடாது பின்தொடர்வது படக்கருவி இயக்குநரின் முதல் அறைகூவல். சிதறிக் கிடக்கும் நிகழ்வுகளை ஒரே திரையில் கோப்பது தயாரிப்பாளரின் அறைகூவல்.

வடம் வகுத்த எல்லை

1953ஆம் ஆண்டு சிகாகோவுக்கு அருகே நடைபெற்ற உலகக் கோல்ஃப் போட்டி, அமெரிக்கா முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. இறுதிக் குழியருகே நிறுத்தப்பட்டிருந்த படக்கருவியின் முன், லூ வார்ஷம் என்னும் வீரர் ஏறத்தாழ 100 மீட்டர் தொலைவிலிருந்து அடித்த பந்து நேரே குழிக்குள் விழுந்தது. அவ்வோர் அடியிலேயே அவர் வாகை சூடினார். கருவி நின்ற இடத்திலேயே வெற்றி நிகழ்ந்தது நற்பேறு. வேறொரு குழியில் நிகழ்ந்திருந்தால் எவரும் கண்டிருக்க இயலாது.

பின்னர்க் கருவிகளின் எண்ணிக்கை பெருகியது. ஆயினும் அவை தடித்த வடங்களால் ஒளிபரப்பு ஊர்தியோடு பிணைக்கப்பட்டிருந்தன. போட்டிக்குப் பல நாள்கள் முன்பே பணியாளர்கள் புல்வெளியெங்கும் வடம் விரிக்க வேண்டியிருந்தது. வடம் எட்டும் இடமே கருவியின் எல்லையாயிற்று.

காற்றில் வரும் காட்சி

கம்பியில்லாப் படக்கருவி அந்த எல்லையை அகற்றியது. கருவியைத் தோளில் சுமப்பவர் வீரரோடு நடக்கிறார். கருவியுடன் இணைந்த அலைபரப்பி, காட்சியை வானொலி அலைகளாக மாற்றி அனுப்புகிறது. திடலின் பல இடங்களில் உயரமான கம்பங்களில் பொருத்தப்பட்ட அலைவாங்கிகள் அவற்றைப் பெறுகின்றன. மரங்களும் மணல்மேடுகளும் அலைகளை மறைக்கக்கூடும் என்பதால், ஓர் அலைவாங்கி இழப்பதை மற்றொன்று பெறுமாறு அவை அமைக்கப்படுகின்றன. அங்கிருந்து ஒளியிழை வடங்கள் காட்சியைக் கட்டுப்பாட்டு நிலையத்திற்குக் கொண்டுசெல்கின்றன.

அண்மைக் காலத்தில் ஒளிபரப்புக்கெனத் தனிப்பயன் 5ஜி வலையமைப்புகளும் பயன்படத் தொடங்கியுள்ளன. பல்லாயிரம் பார்வையாளர்களின் கைப்பேசிகள் இயங்கும் பொது வலையமைப்பில் நெரிசல் மிகும். தனி வலையமைப்பில் காட்சிக்கென ஒரு வழி ஒதுக்கப்பட்டிருப்பதால் தடை குறைகிறது.

தொலைவிலிருந்து இயக்கம்

காட்சி வடத்தை விட்டு விடுபட்டதுபோல, கட்டுப்பாட்டு அறையும் களத்தை விட்டு விடுபட்டது. முன்பு இயக்குநர், காட்சித் தொகுப்பாளர், வரைகலைஞர், ஒலிப்பொறியாளர் எனப் பெருங்குழுவே ஊர் ஊராகச் சென்றது. தொலைவழித் தயாரிப்பில் படக்கருவிகளும் அவற்றை இயக்குவோரும் களத்தில் இருப்பர். காட்சிகள் அனைத்தும் நெடுந்தொலைவிலுள்ள நிலையான கூடத்திற்குச் சென்று, அங்கே தொகுக்கப்படும்.

பெருந்தொற்றுக் காலம் இம்முறையின் தேவையை உணர்த்தியது. 2020 ஜூன் மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் பார்வையாளரின்றிப் போட்டி நடைபெற்றது. வருணனையாளர் ஜிம் நான்ட்ஸ் திடலில் தனித்து அமர்ந்திருக்க, அவருடன் உரையாடிய நிக் ஃபால்டோ ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரக் கூடத்தில் இருந்தார். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிஜிஏ டூர் அமைப்பு, ஃபுளோரிடாவின் பான்டே வெத்ரா பீச்சில் தன் ஒளிபரப்புகளுக்கெனப் பெரிய கூடமொன்றையே திறந்தது.

மில்லிநொடியின் மதிப்பு

ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆயிரம் கிலோமீட்டரைக் கடக்க 5 மில்லிநொடி போதும். தாமதத்தை மிகுவிப்பது தொலைவன்று, சுருக்கமே. சுருக்கப்படாத உயர்தெளிவுக் காட்சிக்கு நொடிக்கு ஏறத்தாழ 1.5 ஜிகாபிட் தரவு தேவை. அவ்வளவையும் கம்பியில்லா வழியில் அனுப்புதல் அரிது. எனவே காட்சியைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரிக்கின்றனர். இதற்குச் சிறிது நேரம் பிடிக்கிறது.

இத்தாமதம் கோல்ஃபில் எளிதில் வெளிப்பட்டுவிடும். அமைதி நிறைந்த திடலில் மட்டை பந்தில் படும் ஓசை தெளிவாகக் கேட்கும். வடத்தில் வரும் ஒலி முந்திவிட்டால், மட்டை இறங்குமுன்னரே அடித்த ஓசை கேட்டு வியப்பூட்டும். ஆதலால் ஒலியை வேண்டிய அளவு நிறுத்தி வைத்துக் காட்சியோடு இணைக்கின்றனர். இணைப்பு அறுந்தால் ஒளிபரப்பே நின்றுவிடும் என்பதால், ஒரே காட்சியை இருவேறு வழிகளில் அனுப்பும் முன்னேற்பாடும் உண்டு.

நேரலை என்னும் நம்பிக்கை

பயணம் குறைவதால் செலவும் எரிபொருளும் குறைகின்றன. ஒரு கூடத்திலிருந்தே அடுத்தடுத்த நாள்களில் வெவ்வேறு ஊர்ப் போட்டிகளைத் தயாரிக்க முடிகிறது. ஆனால் இழப்பும் உண்டு. திரையை மட்டும் காண்பவருக்குக் காற்றின் திசைமாற்றமும் புல்லின் ஈரமும் தாமாக உணர்வில் படுவதில்லை. அவற்றை உணர்ந்து சொல்ல, வீரர்களோடு நடக்கும் வருணனையாளர் இன்றும் தேவைப்படுகிறார்.

மற்றொரு பொறுப்பும் இதில் அடங்கியுள்ளது. பலர் ஒரே நேரத்தில் ஆடுவதால், ஓர் அடியைக் காட்டும்போது நிகழும் இன்னோர் அடியைப் பதிவு செய்து, சற்றுப் பின்னர்க் காட்டுவது கோல்ஃப் ஒளிபரப்பில் வழக்கம். அது சில நொடிகளுக்கு முன் நிகழ்ந்தது என்று வருணனையாளர் கூறிவிட்டால், அதில் பிழையில்லை. கூறாது விட்டால் நேரலை என்னும் சொல் பொருளிழக்கும்.

வடம் அகன்றது, கட்டுப்பாட்டு அறையும் தொலைவுக்குச் சென்றது. இவ்விரண்டும் நேரலையைக் குலைக்கவில்லை. ஏனெனில் நேரலை என்பது இடத்தைப் பற்றிய உறுதிமொழியன்று, காலத்தைப் பற்றிய உறுதிமொழி. அதைக் காப்பது கருவிகளின் வேகம் மட்டுமன்று, அவற்றை இயக்குவோரின் நேர்மையுமாகும்.