பதநீரா, கள்ளா? நுரை சொல்லும்

பனம்பாளையைச் சீவினால் சொட்டும் சாறு சுண்ணாம்பு தடவிய கலயத்தில் விழுந்தால் பதநீர்; தடவாத கலயத்தில் விழுந்தால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறி இறங்கும் பனையேறியும் ஒருவரே. திருநெல்வேலிக்குத் தெற்கே பதநீருக்குப் பைனி என்றும், கன்னியாகுமரியை நெருங்க நெருங்க அக்கானி என்றும் பெயர் மாறும்.

தாமிரபரணி பாயும் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் நெல்லும் வாழையும்தான். பனையின் ராஜ்ஜியம் ஆற்றுக்குத் தெற்கே, தண்ணீர் எட்டாத செம்மணல் தேரியில் இருக்கிறது: திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி. கோடையில் நெல்லை, பாளையங்கோட்டைத் தெருக்களில் ஓலைப் பட்டையில் நுங்கு போட்டுக் கொடுக்கும் பதநீருக்கு இந்த வறண்ட மண்தான் தாய்வீடு.

பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பனையின் பாளைக்கு அலகு என்று பெயர். இரண்டிலும் சாறு உண்டு, ஆனால் பாளை தள்ளியதும் தானாகச் சொட்டிவிடாது. கடிப்பு என்னும் மரக்கிடுக்கியால் சில நாள் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, அதன் கீழே கலயத்தைக் கட்ட வேண்டும். காலையும் மாலையும் மரமேறிச் சீவாவிட்டால் சீவிய வாய் அடைத்துக்கொள்ளும். பங்குனியில் வேகம் பிடிக்கும் பருவம் ஆடியோடு அடங்கிவிடும்.

மரத்துக்குள் இருக்கும்வரை சாற்றில் கெடுதல் இல்லை. வெளியே வந்ததும் காற்றிலிருந்தும், மொய்க்கும் பூச்சிகளிலிருந்தும், பழைய கலயத்தின் சுவரிலிருந்தும் ஈஸ்ட் அதில் சேர்கிறது. ஈஸ்ட்டுக்கு நுரைமம் என்றும் தமிழில் ஒரு பெயர் உண்டு, பொருத்தமான பெயர். சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை. ஈஸ்ட் அதைத் தின்று ஒருபுறம் சாராயத்தையும் மறுபுறம் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. அந்த வாயுதான் குமிழி. குமிழிகள் திரண்டால் நுரை. சில மணி நேரத்தில் சாறு பால்போல் வெளுத்து, நான்கைந்து சதவீத ஆல்கஹாலுடன் கள்ளாகிவிடும். இன்னும் ஒரு நாள் வைத்தால் புளித்துக் காடியாகும். ஆக, நுரை என்பது ஒரு கடிகாரம். இறக்கி எவ்வளவு நேரமாயிற்று என்பதை அது விற்பவரைவிட நேர்மையாகச் சொல்லும்.

இந்தக் கடிகாரத்தை நிறுத்தி வைப்பது சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறம் பூசிய சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்கு மாற்றிவிடுவதால் ஈஸ்ட்டால் பெருக முடிவதில்லை. கரும்பில் இருக்கும் அதே சுக்ரோஸ் உடையாமல் நிற்பதும் இதனால்தான். சுக்ரோஸ் உடைந்துவிட்டால் எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இறுகாது, கருப்பட்டி கிடைக்காது. புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியின் கெட்டித்தன்மை அடுப்படியில் தொடங்குவதில்லை, மரத்து உச்சியிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆனால் இந்தக் காவலாளி நிரந்தரமானவர் அல்ல. சுண்ணாம்பு நீரில் மூச்சை ஊதினால் அது பால்போல் மாறும் என்பது பள்ளிக்கூடச் சோதனை. கலயத்திலும் அதேதான் நடக்கிறது: தப்பிப் பிழைத்த ஈஸ்ட் விடும் வாயு சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகச் செயலிழக்கச் செய்து அடியில் படிய வைக்கிறது. பிறகு நுரைக்கத் தடையில்லை. சுண்ணாம்பு குறைந்த பதநீரைப் பாட்டிலில் நிரப்பி இறுக மூடி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றினால், எழும்பூர் போய்ச் சேரும்போது பாட்டில் உப்பியிருந்தால் வியப்பில்லை.

அந்த உப்பலைக் குறையாகப் பார்க்காமல் வித்தையாக வளர்த்தவர்கள் பிரான்சின் ஷாம்பெயின் பகுதிக்காரர்கள். அவர்களும் முதலில் நுரையைக் கண்டு அஞ்சியவர்களே. ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் என்று கதை சொல்லப்படும் துறவி தோம் பெரிஞோன் (மறைவு 1715) உண்மையில் தன் திராட்சை மதுவில் நுரை வராமல் தடுக்கவே பாடுபட்டார். பனிக்காலக் குளிரில் உறங்கிய ஈஸ்ட் வசந்தத்தில் விழித்துப் புட்டிக்குள் மீண்டும் நொதிக்கத் தொடங்கியதுதான் தொல்லை. பின்னாளில் லிட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் சர்க்கரையைத் தாங்களே சேர்த்து, புட்டிக்குள் இரண்டாம் நொதித்தலை நடத்தினார்கள். அழுத்தம் ஆறு வளிமண்டலம் வரை ஏறும். கார் டயரில் இருப்பதைப் போல இரண்டரை மடங்கு. தடித்த கண்ணாடியும் தக்கையைக் கட்டும் கம்பியும் அதற்காகவே. இத்தாலியின் புரோசெக்கோ என்னும் நுரை மதுவுக்கு இந்த நொதித்தல் பெரிய எஃகுத் தொட்டியில் நடக்கிறது. மலிவான சிலவற்றில் வாயுவை வெளியிலிருந்து ஏற்றிவிடுகிறார்கள். நம் ஊர் கோலி சோடாவின் அதே வழி. இனிப்பைப் பொறுத்தவரை, லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை உள்ளதற்கு 'புரூட்' என்று பெயர். 'எக்ஸ்ட்ரா டிரை' என்ற பெயரைப் பார்த்து இனிப்பே இல்லை என நினைப்பவர் ஏமாறுவார். அது புரூட்டைவிட இனிப்பானது. 50 கிராமைத் தாண்டினால் 'டூ'. பதநீரோ 100 கிராமைத் தாண்டும். சர்க்கரை நோயாளிகள் இந்தக் கணக்கை மனத்தில் வைப்பது நல்லது.

கள்ளையும் புட்டியில் அடைக்க முடியாதா என்றால், யாழ்ப்பாணத்தில் அடைக்கிறார்கள். போத்தல் கள்ளாக வெளிநாட்டுத் தமிழர் கடைகள்வரை போகிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இங்கே ஒரு கரண்டிச் சுண்ணாம்புதான் தொழிலுக்கும் குற்றத்துக்கும் நடுவே நிற்கிறது. திராட்சையிலிருந்து நுரைக்கும் மது கடையில் கிடைக்க, பனையிலிருந்து தானாக நுரைப்பது மட்டும் குற்றமாக இருப்பது பனையேறிகளின் நீண்டகால மனக்குறை. அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

நல்ல பதநீரை அடையாளம் காண்பது கடினமல்ல. காலை வேளையில் வாங்குவதே முதல் விதி. முகர்ந்தால் பாளை வாசம் வர வேண்டும். புளித்த மாவின் வாடை வந்தால் வேண்டாம். அடியில் சுண்ணாம்பு படிந்து மேலே தெளிந்திருக்க வேண்டும். வெளுத்துப்போய், ஓரத்தில் குமிழிகள் வட்டமிட்டு நின்றால் காவல் தளர்ந்துவிட்டது என்று பொருள். நாக்கில் வழவழப்பும் சுருக்கென்ற எரிச்சலும் தெரிந்தால் சுண்ணாம்பு மிகுதி; சற்று நேரம் தெளியவிட்டு, மேலாக இறுத்துக் குடிக்கலாம். குடித்து வெகுநேரமாகியும் தொண்டையில் ஒட்டாத ஒரு செயற்கை இனிப்பு நாக்கில் நின்றால் அது தண்ணீரும் சாக்கரினும் சேர்ந்த வேலை. பனிக்கட்டி போட்டால் நொதித்தல் மெதுவாகும், நிற்காது. வெயில் ஏறி, பதினொரு மணியும் கடந்தபின் பிளாஸ்டிக் குடத்தில் சாலையோரம் காத்திருக்கும் பதநீரை, விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டியதில்லை.