ஆறு மணி நேரச் சாவி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், குடிகாட்டை ஒட்டி சிப்காட் ஆலைகள் இருக்கின்றன. அங்கிருந்து சரக்கேற்றிப் புறப்படும் லாரியின் ஓட்டுநர் கையில் உள்ள இன்வாய்ஸில் ஒரு கியூஆர் கட்டம் இருக்கும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்குச் சரக்கு விற்றால், 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தக் கட்டமுள்ள இ-இன்வாய்ஸ் கட்டாயம். ஒருசில துறைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அந்தக் கட்டத்தை செல்போனில் ஸ்கேன் செய்தால் பக்கம் நிறைய ஆங்கில எழுத்துகள் வந்து விழும். தொடக்கம் எப்போதும் இ, ஒய், ஜே. நடுவே இரண்டு புள்ளிகள், ஆக மூன்று பகுதிகள். இதுதான் ஜேசன் வெப் டோக்கன். 2015 மே மாதம் தரமாக வெளியானது.

படிக்க முடியாத எழுத்தாயிற்றே, பத்திரமாகத்தான் இருக்கும் என்று தோன்றும். பத்திரமெல்லாம் இல்லை! நடுப்பகுதியை எடுத்து பேஸ்64 மாற்றியில் போட்டால் விற்பவர், வாங்குபவர் இருவரின் ஜிஎஸ்டி எண், இன்வாய்ஸ் எண், தேதி, தொகை எல்லாம் அப்படியே தெரியும். கையெழுத்திட்ட அஞ்சலட்டை மாதிரி: யாரும் படிக்கலாம், திருத்தினால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். தொகையில் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் மூன்றாம் பகுதியில் உள்ள, இன்வாய்ஸைப் பதிவுசெய்த தளத்தின் மின் கையொப்பம் பொருந்தாது.

மறைப்பது வேறு வேலை. அது, ஆலையின் பில்லிங் மென்பொருள் இன்வாய்ஸைப் பதிவுசெய்ய அரசு சர்வரோடு பேசும்போது நடக்கிறது. மென்பொருள் முதலில் 32 பைட் நீளமுள்ள 'ஆப்கீ' ஒன்றைத் தற்செயல் எண்களால் உருவாக்கி, பயனர் பெயர், கடவுச்சொல்லோடு சேர்த்து, சர்வரின் பொதுச்சாவியால் பூட்டி அனுப்புகிறது. பதிலுக்கு லாகினுக்கான ஒரு டோக்கனும் 'செக்' எனப்படும் அமர்வுச் சாவியும் வருகின்றன. செக், அந்த ஆப்கீயால் பூட்டப்பட்டே வரும். பிரித்தெடுத்ததும் இரு தரப்பிடமும் ஒரே சாவி. அடுத்த ஆறு மணி நேரம் இன்வாய்ஸ் விவரங்களை ஏஇஎஸ்-256 என்ற மறையாக்க முறையில் பூட்டுவதும் திறப்பதும் அதே சாவிதான். பிறகு டோக்கனும் சாவியும் காலாவதி.

இதில் ஒரு குறை சொல்லியாக வேண்டும். இங்கே ஏஇஎஸ்ஸை ஈசிபி என்ற பழைய முறையில் இயக்குகிறார்கள். 16 பைட் துண்டு ஒன்று இரண்டு இடத்தில் வந்தால், பூட்டிய பின்னும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஜிசிஎம் என்ற இன்னொரு முறையில் இந்தச் சிக்கல் இல்லை. இடையில் யாராவது கைவைத்தாலும் திறக்க மறுத்துவிடும்.

ஜேசன் வெப் டோக்கனையே பூட்டவும் தரம் உண்டு, ஜேடபிள்யூஇ என்று பெயர். அதில் ஐந்து பகுதிகள். பகிர்ந்த சாவியை நேரடியாகப் பயன்படுத்தினால் இரண்டாம் பகுதி காலியாகி, இரண்டு புள்ளிகள் ஒட்டி நிற்கும். பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

எந்த முறையானாலும், சாவியை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தால் அத்தனையும் வீண். நிரல் போகும் கணினிக்கெல்லாம் சாவியும் போகும். வேலையை விட்டுப் போனவரின் லேப்டாப்பிலும் அது இருக்கும். சிறு நிறுவனங்களுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தருபவர்களே, ஆப்கீயை ஒவ்வொரு லாகினுக்கும் புதிதாக உருவாக்குங்கள். நிலையான சாவிகளை நிரலுக்கு வெளியே தனியாக வையுங்கள். மென்பொருள் வாங்கும் முதலாளிகளும் பணம் கொடுக்கும் முன் இதைக் கேட்டுவிடுவது நல்லது.