"படம்தானே!" என்ற பதில் போதுமா?
அறிவியல் புனைவு ரசிகர்களும் வெளியார் விமர்சனமும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி ரஜினிகாந்த் நடித்த '2.0' திரைக்கு வந்தது. அதே வாரத்தில், படத்துக்கு யாரும் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. அரசியல் கட்சியோ சாதிச் சங்கமோ அல்ல, இந்தியக் கைப்பேசி நிறுவனங்களின் சங்கம். கைப்பேசியும் அதன் கோபுரங்களும் பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் கேடு விளைவிப்பதாகப் படம் காட்டுகிறது, இது அறிவியலுக்கு எதிரான பிரச்சாரம், எனவே தணிக்கைச் சான்றிதழைத் திரும்பப் பெற வேண்டும் என்று அச்சங்கம் புகார் கொடுத்தது.

புகார் எடுபடவில்லை. படம் குறித்த நாளில் வெளியானது. மலேசியத் திரையரங்குகளிலும் ஓடியது. ஆனால் அந்தப் புகாருக்கு ரசிகர்கள் சொன்ன பதிலைக் கவனித்தால், அறிவியல் புனைவை நேசிப்பவர்கள் எங்கும் மாட்டிக்கொள்ளும் ஒரு சிக்கல் அதில் தெரியும்.

பெரும்பாலான ரசிகர்களின் பதில் ஒரே சொல்தான்: "படம்தானே!" கைப்பேசிகள் எல்லாம் பறந்து ஒன்றுசேர்ந்து ராட்சசப் பறவையாக மாறும் கதையில் போய் அறிவியல் தேடுவதா என்று கேலி செய்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ரசிகர்கள், படத்தைப் புகழும்போது என்ன சொன்னார்கள்? தமிழில் இப்படி ஓர் அறிவியல் படம் வந்ததில்லை, கோபுரக் கதிர்வீச்சால் குருவிகள் அழிவதை யார் இவ்வளவு துணிச்சலாகச் சொன்னார்கள், பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும் என்றார்கள். பாராட்டு வந்தால் அது அறிவியல். குறை வந்தால் வெறும் கதை. ஒரே நேரத்தில் இரண்டு படகில் கால்.

புகார் கொடுத்தவர்களும் சுத்தம் என்று சொல்வதற்கில்லை. கைப்பேசி விற்பவர் கைப்பேசியைப் பற்றிய படத்தைத் தடுக்கச் சொல்வது வியாபாரக் கவலை. பிடிக்காத படத்துக்குப் பதில் சொல்லாமல் சான்றிதழையே பிடுங்கச் சொன்னது அளவுக்கு மீறிய செயல். அதனாலேயே அவர்கள் எழுப்பிய கேள்வியும் கேலியில் அடிபட்டுப் போனது. அந்தக் கேள்வியில் விஷயம் இருந்தது. சிட்டுக்குருவிகள் பல நகரங்களில் குறைந்தது உண்மை. அதற்கு ஆய்வாளர்கள் முதன்மையாகச் சொல்லும் காரணங்கள் வேறு: கூடு கட்ட இடுக்கு இல்லாத புதிய கட்டடங்கள், குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி கிடைக்காத தோட்டங்கள், பூச்சிக்கொல்லி. கோபுரக் கதிர்வீச்சுதான் குருவிகளைக் கொன்றது என்பது நிறுவப்பட்ட உண்மை அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் இந்த வகைக் கதிர்வீச்சை மனிதர்களுக்குப் "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற பட்டியலில் சேர்த்தது. அது நிரூபணம் ஆகாத ஐயத்துக்கு உரிய பட்டியல்.

படம் பார்த்த ஒரு பதின்மூன்று வயதுப் பையன், குருவி செத்ததற்குக் காரணம் கைப்பேசி என்றே நம்பி வீட்டுக்குப் போகிறான். செம்பனைக்குத் தெளிக்கும் மருந்தைப் பற்றியோ வெட்டப்பட்ட மரத்தைப் பற்றியோ அவன் கேட்கப் போவதில்லை. "படம்தானே" என்ற பதில் அவனுக்கு உதவாது.

இந்த இழுபறி தமிழுக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்காவில் 1950களிலேயே தியடோர் ஸ்டர்ஜன் என்ற எழுத்தாளர் இதே தொல்லையை அனுபவித்தார். அறிவியல் புனைவைக் குறை சொல்பவர்கள், அதில் இருக்கும் ஆக மோசமான கதையை எடுத்துக்காட்டி முழுத் துறையையும் குப்பை என்பார்கள். பல ஆண்டுகள் வாதாடிச் சலித்த அவர், கடைசியில் குற்றச்சாட்டை அப்படியே ஒப்புக்கொண்டார். ஆமாம், அறிவியல் புனைவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குப்பைதான், ஆனால் எல்லாத் துறையிலும் தொண்ணூறு பங்கு அப்படித்தானே இருக்கிறது என்றார். மீதிப் பத்தை வைத்து எங்களை எடைபோடுங்கள் என்பது அதன் பொருள். 1958இல் அச்சேறிய இந்தக் கருத்து இன்றுவரை 'ஸ்டர்ஜன் விதி' என்று வழங்குகிறது.

நேர்மையான பதில் அது. ஆனால் அதைக் கையில் எடுத்த ரசிகர்கள் எல்லாரும் ஸ்டர்ஜன் அல்லர். எந்தக் குறை வந்தாலும் "எல்லாத்திலும்தான் குப்பை இருக்கு" என்று தட்டிவிடுவதற்கு அது வசதியாகப் போயிற்று. அந்தப் பத்துப் பங்கு எது என்று காட்டும் பொறுப்பை அவர் ரசிகர்களிடம் விட்டுப் போனார். அந்தப் பகுதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தமிழில் இந்தச் சண்டை பெரும்பாலும் சுஜாதாவைச் சுற்றியே நடந்தது. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த எஸ். ரங்கராஜன்தான் சுஜாதா. இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குள்ளவர். 1980களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடரையும், அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியையும் மறக்காத வாசகர்கள் இங்கும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு வார இதழ் கை மாறிக் கை மாறி ஒரு வரிசை வீடு முழுக்கச் சுற்றிவந்த காலம் அது.

இலக்கிய வட்டத்தில் அவருக்கு வேறு மாதிரி வரவேற்பு. துப்பறியும் கதைக்கு விண்வெளிச் சட்டை மாட்டிவிட்டார், மேற்கத்தியச் சரக்கைத் தமிழில் பொட்டலம் கட்டினார் என்ற குறை பலமுறை எழுந்தது. ரசிகர்களின் பதில் இரண்டு வகையாக வந்தது. ஒன்று, லட்சக்கணக்கானவர் படித்தார்களே என்ற கணக்கு. மற்றது, அறிவியல் தெரியாத இலக்கியவாதிக்கு இதை எடைபோட என்ன தகுதி என்ற கேள்வி. இரண்டுமே குற்றச்சாட்டைத் தொடவில்லை. விற்பனை எண்ணிக்கை கதையின் தரத்துக்குச் சான்று ஆகாது. இயற்பியல் தெரியாத வாசகருக்கும் ஒரு பாத்திரம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரியும். சமையல் தெரியாதவன் உப்பில்லை என்று சொல்லக்கூடாதா என்ன?

சுஜாதாவே இந்தச் சண்டையில் பெரிதாக இறங்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அவர் இலக்கியச் சிற்றிதழான கணையாழியில் கடைசிப் பக்கத்தை ஆண்டுக்கணக்கில் எழுதினார். புதுக்கவிதையையும் சிற்றிதழ் எழுத்தாளர்களையும் வார இதழ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்துகொண்டிருந்தார். தம்மை வெளியே நிறுத்திய வட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவர் அவர்.

விமர்சகர் பக்கத்திலிருந்தும் ஒரு நல்ல பதில் வந்தது, அது கதையாக வந்தது. எழுத்தாளர் ஜெயமோகன் 'விசும்பு' என்ற தலைப்பில் அறிவியல் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். எய்ட்ஸ் நோயையும் சித்த மருத்துவத்தையும் எதிரெதிரே நிறுத்தும் 'ஐந்தாவது மருந்து' போன்ற கதைகள் அதில் உள்ளன. நம் மண்ணின் அறிவு மரபிலிருந்தே அறிவியல் கேள்வியை எழுப்ப முடியும் என்று அவை காட்டின. அந்தக் கதைகளை ஏற்காதவர்களும் உண்டு, சித்த மருத்துவம் பற்றிய பகுதிகளில் அறிவியல் எவ்வளவு என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கட்டும். குறை சொன்னவர் தாமே களத்தில் இறங்கியதால், பேச்சு கதையைப் பற்றியதாக மாறியது.

இன்னொரு சுவையான தகவல். 'எந்திரன்' படத்தின் வசனத்தில் சுஜாதாவின் பங்கு உண்டு. அவர் 2008இல் மறைந்தார், படம் 2010இல் வந்தது. அதன் தொடர்ச்சியான '2.0'க்கு இயக்குநர் ஷங்கருடன் சேர்ந்து வசனம் எழுதியவர் ஜெயமோகன்.

இதுவரை சொன்னதில் யார் உள்ளே, யார் வெளியே என்பது தெளிவாக இருந்தது. எப்போதும் அப்படி இருப்பதில்லை. 2019 ஆகஸ்ட் மாதம் அயர்லாந்தின் டப்ளின் நகரில் உலக அறிவியல் புனைவு மாநாடு நடந்தது. ரசிகர்களே ஓட்டுப் போட்டுத் தரும் ஹியூகோ விருது அங்கேதான் வழங்கப்படும். அன்றிரவு குறுநாவல் பிரிவில் விருது பெற்றவர் சிலாங்கூரில் பிறந்த மலேசிய எழுத்தாளர் ஸென் சோ. அதே மேடையில் சிறந்த புதிய எழுத்தாளர் விருதை வாங்கிய ஜெனெட் இங் என்பவர், ஹாங்காங்கில் பிறந்தவர், விருதுக்கு யாருடைய பெயர் இருந்ததோ அவரையே கடுமையாகச் சாடினார்.

அந்தப் பெயர் ஜான் டபிள்யூ. கேம்பல். 1937 இறுதியிலிருந்து 1971இல் இறக்கும்வரை ஒரே பத்திரிகையின் ஆசிரியராக இருந்து, அமெரிக்க அறிவியல் புனைவுக்கு உருக்கொடுத்தவர். இனவெறிக் கருத்துகளை எழுதியவரும் அவரே. கறுப்பின எழுத்தாளர் சாமுவேல் டெலானியின் 'நோவா' நாவலை, கறுப்பினக் கதாநாயகனை வாசகர்கள் ஏற்க மாட்டார்கள் என்று சொல்லி அவர் திருப்பியனுப்பியதை டெலானியே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அரங்கில் கைதட்டலும் எழுந்தது, முகச்சுளிப்பும் எழுந்தது. பழைய காலத்து மனிதரை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா, விருது கொடுத்த வீட்டையே ஏசுவதா என்று மூத்த ரசிகர்கள் சிலர் வருந்தினர். ஆனால் பத்து நாளுக்குள் விருதின் பெயர் மாற்றப்பட்டது. கேம்பல் நடத்திய அந்தப் பத்திரிகையின் பழைய பெயரான 'அஸ்டவுண்டிங்' இப்போது விருதின் பெயர். அடுத்த ஆண்டு ஜெனெட் இங்கின் அந்த உரைக்கே ஒரு ஹியூகோ விருதையும் ரசிகர்கள் அளித்தார்கள்.

இவ்வளவு வேகமாக ஒரு ரசிகர் உலகம் குற்றச்சாட்டை ஏற்றது அபூர்வம். அதற்குக் காரணம் உண்டு. சொன்னவர் கதைகளைப் படித்தவர், எழுதியவர், அதே உலகத்தில் இருந்துகொண்டே வெளியாளாக நடத்தப்பட்டவர்களின் சார்பில் பேசியவர். "உனக்கென்ன தெரியும்" என்று அவரிடம் கேட்க முடியவில்லை.

ஜொகூருக்கு வருவோம். ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், உத்துசான் குழுமத்தோடு சேர்ந்து 2010களில் மலாய் அறிவியல் புனைவு நாவல்களுக்குப் போட்டி நடத்தியது. ஆங்கிலத்தில் ஸென் சோ தொகுத்த மலேசியச் 'சைபர்பங்க்' கதைத் தொகுப்பு 2015இல் வந்தது. மலேசியத் தமிழில் இந்த வகை எழுத்து மெலிவாகவே இருக்கிறது. ரசிகர்கள் ஏராளம், ஆனால் அவர்கள் திரையரங்கில் இருக்கிறார்கள்.

எழுத நினைப்பவருக்கு முன்னால் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. பால்மரமும் சயாம் மரண ரயிலும் தோட்டத் துண்டாடலும் நம் கதைகள், அவற்றையே சொல்லி முடியவில்லை, இதில் ரோபோவுக்கு என்ன வேலை? இந்தக் கேள்வியைக் கேட்பவரைப் பழமைவாதி என்று தள்ளுவது சுலபம். தள்ளக்கூடாது. மண்ணோடு ஒட்டாத கதை எழுதாதே என்று அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது.

அவருக்கான பதில் கூலாய் பக்கமே இருக்கிறது. செம்பனை நின்ற நிலத்தில் இன்று தரவு மையங்கள் எழுகின்றன. செடெனாக்கில் அதற்கென்றே ஒரு தொழில்நுட்பப் பூங்கா. செயற்கை நுண்ணறிவுக்கான கணினிகள் இரவும் பகலும் ஓடும் கட்டடங்கள் அவை. அவற்றுக்கு மின்சாரமும் தண்ணீரும் ஏராளமாக வேண்டும் என்பதால், விண்ணப்பங்களைச் சலித்தெடுக்க 2024இல் மாநில அளவில் தனிக் குழுவே அமைக்கப்பட்டது. தாத்தா குலை வெட்டிய நிரையில் பேரன் காவலுக்கு நிற்கும் கட்டடத்துக்குள் ஓர் இயந்திரம் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறது என்று ஒருவர் கதை எழுதினால், அது தோட்டத்துக் கதையா, அறிவியல் புனைவா?

அந்தக் கதையைப் படித்துவிட்டுத் தண்ணீர்க் கணக்குத் தவறு என்று ஒரு பொறியாளர் சொல்லலாம். நிரையில் குலை வெட்டும் முறையே தெரியாமல் எழுதியிருக்கிறார் என்று ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் சொல்லலாம். இரண்டு பேருமே அறிவியல் புனைவு ரசிகர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அடுத்த பதிப்புக்கு முன் எழுதியவர் போய்ப் பார்க்க வேண்டிய ஆட்கள் அவர்கள்தான்.