அழித்த மின்னஞ்சல் எங்கே போகிறது?

"டிலீட் பண்ணிட்டேன், போயிடுச்சு" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையிலேயே போயிடுச்சா? கல்லூரியிலிருந்து வந்த சேர்க்கைக் கடிதத்தைக் கைதவறி அழித்துவிட்டால், அது திரும்பக் கிடைக்குமா? மெயில் மென்பொருளின் செட்டிங்கைப் பொறுத்துதான் பதில்!

மென்பொருள் கடிதத்தை எடுக்க இரண்டு வழிகள் உண்டு.

பாப்: தபால்காரர் வீட்டிலே கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி. கடிதம் நம் கணினிக்கு வந்துவிடும். 'சர்வரிலும் நகல் இருக்கட்டும்' என்று குறிக்காவிட்டால் சர்வரில் அழிந்துவிடும். அப்புறம் கணினி கெட்டால் கடிதமும் போச்சு!

ஐமேப்: 1986-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கியது. கடிதம் சர்வரிலேயே இருக்கும். வீட்டுக் கணினி, அப்பாவின் போன் எல்லாவற்றிலும் அதே கடிதம்தான் தெரியும். ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் போகும்.

ஐமேப்பில் அழிப்பது இரண்டு படிகள். கரும்பலகையில் எழுதியதன் மேல் கோடு போடுகிறோம் அல்லவா? அதுபோல முதலில் 'அழிக்கப்பட்டது' என்ற அடையாளம் மட்டும் விழும். டஸ்டரால் துடைப்பது அடுத்த படி. அதற்குப் பெயர் 'எக்ஸ்பஞ்ச்'. துடைக்கும்வரை கடிதம் அங்கேதான் இருக்கும்!

தண்டர்பேர்டு மென்பொருளில் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' போய், 'சர்வர் செட்டிங்ஸ்' திறந்தால், டிலீட் செய்ததும் என்ன நடக்கணும் என்று மூன்று வழிகள் கேட்கும்:

1. குப்பைத்தொட்டிக்கு (டிராஷ்) அனுப்பு.
2. அடையாளம் மட்டும் போடு.
3. உடனே நீக்கு.

நமக்கு நல்லது முதல் வழி. தவறி அழித்தாலும் தொட்டியிலிருந்து எடுத்துக்கலாம். ஆனால் காலக்கெடு உண்டு: ஜிமெயிலில் 30 நாள் ஆனால் தொட்டியில் உள்ளது தானாகவே நிரந்தரமாக அழிந்துவிடும். இரண்டாவதில், நாம் அழித்ததாக நினைத்த கடிதம் சர்வரில் அப்படியே கிடக்கும், இடமும் அடைக்கும். மூன்றாவதில், கைதவறினால் பெரும்பாலும் கதை முடிந்தது!

இன்னொரு விஷயம். பலர் பயன்படுத்தும் கணினியில் ரகசியக் கடிதத்தை டிலீட் செய்தால் மட்டும் போதாது. குப்பைத்தொட்டியையும் காலி செய்யணும். நம் கணக்கை அந்த மென்பொருளிலிருந்து எடுத்துவிடவும் வேண்டும்.

இன்றே செட்டிங்கைத் திறந்து பாருங்கள். முக்கியமான கடிதத்தை அச்செடுத்தும் வையுங்கள். வருமுன் காப்போம்!

– 11-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு